அசையாதவர்கள் ஒப்புக்கொண்டவர்கள்

எங்கள் பக்கத்தில் கூட்டம் போட்டால் யாரும் கை தூக்க வேண்டியதில்லை. "ஒத்துக்கிறவங்க அப்படியே இருங்க" என்பார்கள். எதிர்ப்பவன்தான் அசைய வேண்டும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகிடப்பவர்களில் யார் அசையப்போகிறார்கள்? தேவாலயத்துக்குப் புது மணி வாங்கியது, பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றியது எல்லாம் அப்படித்தான். நான் பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவரானதும் அப்படித்தான்.

அதுவரை எங்கள் சங்கம் காகிதத்தில் இல்லை. ஜூன் திருவிழாவில் சோளக் கேக்கும் சூடான இஞ்சி ஒயினும் விற்றுச் சேர்க்கும் காசு, பொருளாளராக இருக்கும் அம்மாவின் சொந்தக் கணக்கில் கிடக்கும். அந்த வருடப் பொருளாளரின் புருஷன் அவள் பேரில் எடுத்த லாரிக் கடனைக் கட்டவில்லை. நீதிமன்றம் அவள் கணக்கை முடக்கியது. திருவிழாக் காசும் உள்ளே போய்விட்டது. முதல் வகுப்புக் கூரைக்காக வைத்திருந்த காசு அது. மழை பெய்தால் பிள்ளைகள் மேசைகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு படிக்கும் கூரை. என் மகள் கவானியும் அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

ஆகஸ்டு மாதம் தலைமையாசிரியை தோனா மர்லீஸி எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினாள்.

"கூரைக்கு அரசாங்கம் காசு குடுக்கும். ஆனா இனிமே யாரோட சொந்தக் கணக்குலயும் போட மாட்டாங்க. சங்கத்து பேர்ல பேங்க் கணக்கு வேணும். கணக்குக்கு வரி எண் வேணும். வரி எண்ணுக்கு ஒரு ஆள் பொறுப்பா நிக்கணும். பேர் சுத்தமா இருக்கற ஆள்."

எங்களிடத்தில் பேர் சுத்தம் என்றால் நல்லவன் என்று பொருளில்லை. கடன் கட்டாதவர்களின் பட்டியலில் ஏறாதவன், அவ்வளவுதான். பட்டியலில் ஏறிவிட்டால் பேர் அழுக்கு. செருப்புக் கடையில்கூடத் தவணை தர மாட்டார்கள். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். மீதிப் பேர் தொலைபேசியைப் பார்த்தார்கள்.

அப்போது அதெல்மோ எழுந்தான். மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன். கவானிக்கு ஞானத்தகப்பன், அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் கும்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"கும்பாத்ரே, உன் பேர்ல ஏதாவது இருக்கா?"

"ஃப்ரிட்ஜ் தவணை இருக்கு. கட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஒழுங்காவா?"

"ஒழுங்காத்தான்."

"பாத்துக்கங்க மக்களே! இந்த ஏரியாவுலயே ஃப்ரிட்ஜ் தவணைய ஒழுங்கா கட்டற ஒரே ஆம்பள. இவனக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கணும்."

சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். "எனக்கு ராத்திரி ஷிப்ட். பேங்க்குக்கும் ஆபீசுக்கும் யார் அலையறது?"

"அதான வசதியே! பகல் பூரா சும்மாதான இருக்க?"

"பகல்ல தூங்கறேன்டா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ராத்திரி வேலை செய்பவனின் பகல் ஊருக்குப் பொதுச் சொத்து. அவன் தூங்கும் நேரத்தில்தான் கதவைத் தட்டி ஏணி கேட்பார்கள்.

"ஒரு கையெழுத்துதான் ஓஸ்மார்" என்றாள் தோனா மர்லீஸி. "மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். 'நான் ஏழாம் வகுப்போட நின்னவன், எனக்கு என்ன தெரியும்'னு நெனைக்காதீங்க. தெரிஞ்சிருக்க வேண்டியது ஒன்னுமே இல்ல."

அதை நான் நினைக்கவில்லை. அவளே நினைத்து அவளே சொன்னாள்.

"ஒத்துக்கிறவங்க அப்படியே இருங்க."

யாரும் அசையவில்லை. நானும்தான். இன்னும் சிறிது நேரத்தில் நான் வேலை பார்க்கும் கோழி வெட்டும் ஆலையின் பேருந்து வந்துவிடும். அதைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சங்கத்துக்குச் சட்டதிட்டம் என்று ஒன்று எழுத வேண்டும். அதெல்மோ ஒரு கால்பந்து கிளப்பில் உதவிச் செயலாளர். கிளப்பின் சட்டதிட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். தோனா மர்லீஸி கிளப்பின் பெயர் வந்த இடங்களில் பள்ளியின் பெயரைப் போட்டாள். வேலை முடிந்தது.

பதிவு அலுவலகத்தில் முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள், கூட்டக் குறிப்பில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இரண்டாம் தடவை, ஒரு பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஆலையிலிருந்து நேராகப் போவேன். கையில் கோழிக் கொழுப்பு வாசனை. எனக்கு முன்னால் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள், அதனால் வரிசையில் எனக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். மூன்றாம் தடவை முத்திரை விழுந்தது. வரி எண் வந்தது.

பேக்கரிக்கும் தேவாலயத்துக்கும் செங்கல் சூளைக்கும் கொடுக்கிற அதே மாதிரி எண்தான் எங்களுக்கும். கீழே பொறுப்பாளர் என்ற இடத்தில் என் முழுப் பெயரும் என் சொந்த வரி எண்ணும். தோனா மர்லீஸி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு அலுவலகத்தில் மாட்டினாள். என் மனைவி சிர்லேய் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். அன்று மாலை நான் எழுந்து வந்தபோது காபியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"முதலாளி, சர்க்கர போதுமா?"

கவானி வகுப்பில் போய் அப்பாதான் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர் என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்தது வங்கி. மேலாளர் காகிதங்களை வாங்கிக்கொண்டு "பரிசீலிப்போம்" என்றார். ஒரு மாதம் கழித்துச் சங்கத்தின் பெயரில் தண்ணீர் ரசீது கேட்டார்கள். சங்கம் தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். பள்ளியின் ரசீதைக் கொடுத்தோம். மறுபடியும் பரிசீலித்தார்கள்.

அவர்கள் பரிசீலித்துக்கொண்டிருக்கும்போது, நவம்பரில், ஆலையில் ராத்திரி ஷிப்டை மொத்தமாக நிறுத்தினார்கள். நடைபாதையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து பூட்ஸையும் கத்தியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்றவன் அழுதான். நான் அழவில்லை. வேலை அட்டையில் முறையாகப் பதிவு உள்ளவன் நான். வேலை போனால் சில மாதங்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கும். அதற்குள் வேறு ஏதாவது கிடைக்கும். வாடகை, ஃப்ரிட்ஜ், எரிவாயு என்று நடைபாதையிலேயே பிரித்து வைத்துவிட்டேன்.

விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி. விண்ணப்பதாரருக்குச் சொந்த வருமானம் உண்டு, நிறுவனப் பொறுப்பாளர்.

வேலையிழந்தவர்கள் அலுவலகத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மரியாதையான பையன். அதுதான் எரிச்சலாக இருந்தது.

"உங்க பேர்ல கம்பெனி இருக்கே சார்."

"கம்பெனி இல்லப்பா. ஸ்கூல் பெத்தவங்க சங்கம்."

"வரி எண் இருக்குல்ல?"

"இருக்கு."

"சிஸ்டத்துக்கு அது கம்பெனிதான் சார்."

"அதுலேர்ந்து எனக்கு ஒரு காசு வந்ததில்ல. பேங்க் கணக்கே இன்னும் தெறக்கல."

"நம்பறேன் சார். அப்பீல் போடலாம். சட்டதிட்டத்துல நிர்வாகிகளுக்குச் சம்பளம் கெடையாதுன்னு ஒரு வரி இருக்கும், எல்லாச் சங்கத்துலயும் இருக்கும். அந்தப் பக்கத்தக் கொண்டாந்தா போதும்."

மறுநாள் கொண்டுபோனேன். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். திரும்பப் படித்தான்.

"சார், இதுல தலைவருக்கு மாசா மாசம் படி குடுக்கலாம்னு போட்டிருக்கே."

"எங்க?"

காட்டினான். இருந்தது. அதற்கு அடுத்த வரியில், பயிற்சியாளருக்கும் கோல்கீப்பருக்கும் ஆண்டுதோறும் காலணி.

"சங்கத்துல கோல்கீப்பர் யாரு சார்?"

கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, பதிவதற்காகத்தான் கேட்டான்.

அவன் இரண்டு வழி சொன்னான். கூட்டம் போட்டுச் சட்டதிட்டத்தைத் திருத்திப் பதிவு செய்வது. இல்லையென்றால் கூட்டம் போட்டு வேறு தலைவரை வைத்து என் பெயரை எடுத்துவிடுவது. எதுவானாலும் மார்ச் கடைசிக்குள் அப்பீல் உள்ளே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் காசு கிடையாது.

பள்ளிக்குப் போனேன். தோனா மர்லீஸி அறையில் என் பெயர் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தமாகத்தான் கேட்டாள்.

"இப்பப் போய்த் தலைவரயோ சட்டதிட்டத்தயோ மாத்தினா பேங்க்குல முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமே ஓஸ்மார். கூரைக் காசு கைய விட்டுப் போயிரும். கணக்கு தெறந்த மறுநாளே கூட்டம் போடறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க, புள்ளைங்களுக்காக."

"என் வீட்லயும் ஒரு புள்ள இருக்கு. அவளுக்குச் சோறு யார் போடறது?"

"இப்படிப் பேசினா எப்படி? உங்க பொண்ணும் அந்தக் கூரைக்குக் கீழதான உக்காருது."

அதெல்மோவின் கடைக்குப் போனேன். கோல்கீப்பர் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

"நீ அதப் படிச்சியா இல்லையா?" என்றேன்.

"கிளப்புக்கே நாங்க படிக்கல. கும்பாத்ரே, கவலப்படாத. உனக்கென்ன, ஒடம்பு இருக்கு, வேல கெடச்சிரும்."

"நீ தலைவரா இருந்துக்கோ. எழுதிக் குடுத்துடறேன்."

"என் பேர் அழுக்குடா. என் பேர்ல சோப்புகூட வாங்க முடியாது."

நானே கூட்டம் போட்டேன். தலைவர் கூட்டலாம் என்று சட்டதிட்டத்தில் இருந்தது. பள்ளி வாசலில் அறிவிப்பு ஒட்டினேன். டிசம்பர் மாதம், மழை. நானும் சிர்லேயும் வேறு மூன்று அம்மாக்களும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கிளப்பின் சட்டப்படி பாதி உறுப்பினர்கள் வந்தால்தான் கூட்டம் செல்லும். கால்பந்து ஆட்டக்காரர்கள் கட்சி பிரிந்து அடித்துக்கொள்வார்கள் என்று பயந்து போட்ட விதி. எங்களிடம் அடித்துக்கொள்ளக்கூட ஆள் வரவில்லை. வந்த அம்மாக்களில் ஒருத்தி பாத்திரத்தில் கேக் கொண்டுவந்திருந்தாள். தின்றுவிட்டுக் கலைந்தோம்.

பிறகு பள்ளிக்கு விடுமுறை. விடுமுறையில் யாரும் யாருக்கும் பெற்றோர் இல்லை.

சிர்லேய் வீடுகளில் தரை துடைக்கப் போனாள். நான் ஒரு பெட்ரோல் பங்கில் ராத்திரிக் காவலுக்குப் போனேன், அட்டை இல்லாமல், சில நாள் கூப்பிடுவார்கள், சில நாள் மாட்டார்கள். வாடகை கட்டினேன். ஃப்ரிட்ஜ் தவணை நின்றது. முதல் மாதம் கடையிலிருந்து ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். இரண்டாம் மாதம் ஓர் ஆண் பேசினான். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. பேர் அழுக்காவது அப்படித்தான், எந்தச் சத்தமும் இருக்காது. ஃப்ரிட்ஜ் மட்டும் சமையலறையில் வழக்கம்போல் முனகிக்கொண்டிருந்தது. சிர்லேய் என்னை முதலாளி என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

மார்ச்சில் தோனா மர்லீஸி வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றுகொண்டே கையைத் தட்டினாள்.

"ஓஸ்மார்! பேங்க்குல ஒத்துக்கிட்டாங்க! நாளைக்குக் கையெழுத்து!"

வங்கிக்கு அவள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். நானும் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தேன். கணக்கு திறந்தால் மறுநாள் கூட்டம் என்று அவள் சொல்லியிருந்தாள், மார்ச் முடிய இன்னும் நாள் இருந்தது. மேலாளர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். விசைகளைத் தட்டினார். திரையைப் பார்த்தார். திரையைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"ஓஸ்மார் அவர்களோட பேர்ல ஒரு தடை வந்திருக்கு. போன வாரம்தான் ஏறியிருக்கு."

"என்ன தடை?" என்றாள் தோனா மர்லீஸி.

"ஃப்ரிட்ஜ்" என்றேன்.

"கையெழுத்துப் போடறவர் பேர்ல தடை இருந்தா கணக்கு தெறக்க முடியாது. வேற தலைவர் இருந்தா கொண்டாங்க. மத்த காகிதமெல்லாம் சரியா இருக்கு, அப்படியே வெச்சிருக்கேன், ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

"ஒரே நாள்லயா?" என்று கேட்டேன்.

"ஒரே நாள்ல."

நான் தோனா மர்லீஸியைப் பார்த்தேன். முதலிலிருந்து ஆரம்பிக்கணும் என்று சொன்னவள் அவள்தான். பொய் சொல்லியிருக்க மாட்டாள். கேட்டுப் பார்த்திருக்க மாட்டாள், அவ்வளவுதான்.

அவள் கைப்பையை மூடினாள். திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளி நிறுத்தம் வந்ததும் எழுந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஓஸ்மார். உங்கள நம்பித்தான் எல்லாரும் அசையாம இருந்தாங்க."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவள் இறங்கியதும் பேருந்து கதவு மூடிக்கொண்டது.

நான் மாதக்கணக்காகக் கேட்டும் கூடாத கூட்டம் அந்த வாரமே கூடியது. தோனா மர்லீஸி எல்லோருக்கும் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். வராத வீட்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவேன் என்றுகூடச் சொன்னதாகக் கேள்வி. கூடம் நிறைந்துவிட்டது. பின்சுவரில் சாய்ந்து நின்றவர்களும் உண்டு. மாத்தே தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டிருந்தது. எனக்கு நாற்காலி முதல் வரிசையில், ஓரத்தில். யாரும் என்னைத் திட்டவில்லை. அழுக்குப் பேர்க்காரர்கள் மட்டும் இப்போது என்னை நேராகப் பார்த்துத் தலையசைத்தார்கள். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவனைப் பார்ப்பதுபோல.

"சட்டதிட்டத்துலயும் ஏதோ திருத்தணும்னாரு ஓஸ்மார்" என்றாள் தோனா மர்லீஸி. "அத அப்பறம் பாத்துக்கலாம். இன்னைக்குத் தலைவர் மட்டும். யாரோட பேர் சுத்தம்?"

தரை, தொலைபேசி, தரை.

என் பின்னால் ஒரு கை பாதி எழுந்தது. ஜுசாரா. வடக்கே எங்கிருந்தோ இரண்டு பிள்ளைகளோடு போன வருடம் வந்தவள்.

"எனக்குத் தெரிஞ்சு சுத்தந்தான்" என்றாள். "இதுவர எவனும் எனக்குக் கடன் குடுத்ததில்ல."

கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அதெல்மோ கை தட்டினான். "கண்ணாடிப் பெட்டி காலியாத்தான் இருக்கு ஜுசாரா! வா, வந்து உக்காரு!"

முன்னால் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையிலிருந்து அந்த வாசனை வந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கொழுப்பு வாசனை.

"ஆலையா?" என்றேன்.

"ஆமாண்ணே. பகல் ஷிப்ட். அட்டைல பதிஞ்சிட்டாங்க, கர்த்தர் புண்ணியத்துல."

ராத்திரி ஷிப்டை எடுத்தவர்கள் பகலிலும் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பெட்ரோல் பங்கில் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆலை லாரிக்காரர்கள். அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், கோழிக் கூண்டுகள் குறைவதை அவர்கள்தான் பார்க்கிறார்கள்.

"பெரிய வேலையாண்ணே இது?" என்று என் காதருகில் கேட்டாள். "எனக்குப் படிப்பு கம்மி."

"ஒரு கையெழுத்துதான் ஜுசாரா" என்றாள் தோனா மர்லீஸி மேசையிலிருந்து.

ஜுசாரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோதானாண்ணே?"

நாளைக் காலையில் பதிவு அலுவலகம். அன்றைக்கே வரி அலுவலகத்தில் பேர் மாற்றம். வெள்ளிக்கிழமை அந்த மரியாதையான பையனிடம் அப்பீல். மார்ச் திங்கட்கிழமையோடு முடிகிறது.

"கையெழுத்துப் போட நேரம் ஆகாது" என்றேன். அது பொய்யில்லை.

தோனா மர்லீஸி எழுந்தாள். கூடம் முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஒத்துக்கிறவங்க அப்படியே இருங்க."

என் கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. குத்தியதும் தெரிந்தது. வயிறு நிறையக் குடித்தது. அது தானாக எழுந்து போகும்வரை நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.